மண்ணூர் மீன்களும் வாஷிங் மெஷின் டிரம்மும்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை வசந்தகுமார் அவர்களுக்கு,

மண்ணூரிலிருந்து மாமனார் புருஷோத்தமன் எழுதுவது. நானும் உங்கள் அத்தை லீலாவும் நலம். மீன்களும் நலம் என்று எழுதத்தான் ஆசை. வாட்ஸ்அப்பில் போட்டால் என் மகள் சசிரேகா பார்த்துவிடுவாள் என்பதால் உங்கள் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

நீங்கள் இருவரும் ஜப்பான் போகும்போது கோய் என்கிற அந்த வண்ண மீன்களையும், குளத்துக்கு நல்ல ஃபில்டர் ஒன்றையும் என்னிடம் ஒப்படைத்தீர்கள். அது ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனால் காலமெல்லாம் கார் கம்பெனி பெயிண்ட் ஷாப்பில் தரம் பார்த்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? அதைக் கழற்றிவிட்டு, பழைய வாஷிங் மெஷின் டிரம்மில் வீட்டிலிருந்த பாத்திரம் தேய்க்கிற நார் அத்தனையையும் அடைத்து, மேலே தலையணையைப் பிரித்துப் பஞ்சு போட்டு மாட்டினேன். "இன்னாங்க இது? தேய்க்க நார் இல்ல, படுக்கத் தலகாணி இல்ல. இது வூடா, மீன் ஆஸ்பத்திரியா?" என்றாள் லீலா. ஆனால் தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது மாப்பிள்ளை! தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன்.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். போன வாரம் டிரம்மைத் திறந்தால் நாரெல்லாம் பழுப்பாக வழவழவென்று இருந்தது. ஒரு தூசி ஒட்டினால் லைனையே நிறுத்தச் சொன்னவன் நான், பொறுப்பேனா? பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து வெள்ளைவெளேரென்று தேய்த்து மாட்டினேன். அந்த வழவழப்பில்தான் மீன் கழிவைத் தின்று தண்ணீரைக் காக்கும் நுண்ணுயிர்கள் குடித்தனம் நடத்தினவாம். ஒரே துவையலில் குடும்பத்தோடு காலி. சரியாக அலசாததால் பவுடரும் குளத்தில் கலந்துவிட்டது. மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. லீலா போட்ட கூச்சலில், நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த மாடிவீட்டுத் திருநெல்வேலிக்காரர் இசக்கிதுரை லுங்கியோடு ஓடிவந்து, "அண்ணாச்சி, தண்ணில மருந்து வாடை அடிக்கி. மொதல்ல மீன வெளிய எடுங்க!" என்று குளத்தில் குதித்தார். உங்கள் அத்தையின் புடவையை வலையாக்கி எல்லாவற்றையும் அள்ளி, வீட்டுக்கு போர் தண்ணீர் தேக்கும் தரைத்தொட்டியான சம்பில் விட்டோம்.

சசிரேகாவின் செல்லமான அந்தச் சிவப்பு வெள்ளைப் பெரிய மீன் மட்டும் சாய்ந்தே கிடந்தது. நான் சம்புக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அதைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றேன். அவள் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்ததுதான் ஞாபகம் வந்தது. அழுதுவிட்டேன் மாப்பிள்ளை. சாயங்காலம் அது வாலால் என் மூஞ்சியில் ஓர் அறை விட்டு நீந்திப் போனது.

இப்போது மீன்கள் சம்பில் சுகம். நாங்கள் குளிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போகிறோம். இனி எனக்கு இந்தப் பொறுப்பு ஆகாது. படப்பையில் மீன் பண்ணை வைத்திருக்கும் நடேசனிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிடப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி வருகிறது. சசிரேகாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். இருவரும் குறைவில்லாமல் வாழ ஆசிகள்.

அன்புள்ள மாமனார்,
புருஷோத்தமன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சசிரேகாவே போன் செய்துவிட்டாள். நான் சம்பில் நின்று அழுததை உங்கள் அத்தை வீடியோ எடுத்து அன்றைக்கே அவளுக்கு அனுப்பியிருக்கிறாள். நடேசன் விஷயமும் அவள் காதுக்குப் போய்விட்டது. "யப்பா, மீனுக்கோசரமா உன்னாண்ட வுட்டுட்டு வந்தோம்? ரிடையரானதுலேர்ந்து செவுத்தயே பாத்துகினு குந்திகினு இருந்தியே, அதப் பாக்க முடியாமதானே நானும் அவரும் மீனே வாங்கினோம்!" என்றாள். வண்டி வேண்டாம் என்று நடேசனிடம் சொல்லிவிட்டேன். ஆக, நீங்களும் இதில் கூட்டா மாப்பிள்ளை? ஊருக்கு வாருங்கள், பேசிக்கொள்கிறேன்.