இரண்டாவது பெட்டி

“முப்பது செகண்ட் ஸ்கிரீன் நிக்கும்னு சொன்னியே, நிக்கவே இல்லையே?” என்றார் முதலாளி பத்ரிநாராயணன்.

ஜீவானந்தம் தான் அணைத்த சுவர் சுவிட்சை முறைத்தான். ராஜகீழ்ப்பாக்கத்துக் கால் டாக்ஸி ஆபீசின் முதல் சர்வர் இந்நேரம் நின்றிருக்க வேண்டும்; இரண்டாவது தானாக வேலையை ஏற்றிருக்க வேண்டும். இந்தச் சோதனை தேறினால்தான் அவனுடைய வேலை நிரந்தரமாகும். அதற்கான கடிதம், கையெழுத்துப் போடாமல், முதலாளி கையிலேயே இருந்தது. புக்கிங் ஸ்கிரீனோ தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“நீ பூஜைக்கு ஊருக்குப் போயிட்டே. மூணு நாளும் திருநீர்மலைக்கே எத்தனை வண்டி! முதல் மெஷின் ஒரு நிமிஷம் நிக்கலை. ரெண்டாவது எதுக்குப்பா, சந்தனம் தடவவா?”

“சுவிட்ச் மாறியிருக்கும் சார்.” முதல் சுவிட்சைப் போட்டுவிட்டு இரண்டாவதை அணைத்தான். அவ்வளவுதான், எல்லா ஸ்கிரீனும் உறைந்தன.

“அண்ணா, படப்பை பார்ட்டி லைன்ல இருக்காங்க!” என்று அலறினாள் போன் எடுக்கும் யூனிஸ்.

பதறிப்போய் இரண்டாவதைப் போட்டான். பொறுமையில்லாமல் மறுபடி அணைத்துப் போட்டான். அது கோபித்துக்கொண்டு, ஒவ்வொரு ஃபைலாகச் சரிபார்க்க உட்கார்ந்துவிட்டது. முதல் சர்வரிடம் மூச்சுப்பேச்சில்லை. சர்வர்கள் இருந்த அலமாரியைத் திறந்து பார்க்கலாமென்றால், சாவி ஆபீஸ் பெருக்கும் குப்பம்மாவிடம். அவள் டீ வாங்கப் போயிருந்தாள்.

யூனிஸ் புக்கிங்கை நோட்டில் எழுதித் தள்ளினாள். இருபது நிமிஷம் கழித்து ஸ்கிரீன்களுக்கு உயிர் வந்தது. ஒரு சவாரியும் தவறவில்லை. ஆனாலும் முதலாளி கடிதத்தை நான்காக மடித்தார்.

“ஒண்ணு நின்னா இன்னொண்ணு எடுக்கும்னே. எடுக்கலையே!”

ஜீவானந்தம் பூட்டிய அலமாரியின் கைப்பிடியை இழுத்துப் பார்த்தான்.

டீயோடு வந்த குப்பம்மா அலமாரியைத் திறந்தாள். முதல் சர்வரின் ஒயர் பிடுங்கி அழகாகச் சுற்றப்பட்டிருந்தது. மேலே வாடிய சாமந்தி.

“இதை யார் புடுங்கினது?” என்றார் முதலாளி.

“நான்தான் சார். ஆயுத பூஜைக்கு ஆட்டோவே ரெஸ்ட் எடுக்குது, இது எடுக்கக் கூடாதா? ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு பாத்துக்கும்னு ஜீவா சார்தானே சொன்னாரு.”

“இன்னிக்கா புடுங்கினே?”

“பூஜை அன்னிக்கி காலீலயே சார்! மூணு நாளா ரெண்டாவது பொட்டிதான் ஓடிக்கினு கீது. உங்களுக்குத் தெரியவே இல்லியா?”

அப்பாடா என்று ஜீவானந்தம் நாற்காலியில் சாய்ந்தான். முதலாளி கடிதத்தைப் பிரித்துவிட்டுப் பேனாவைத் தேடினார்.