காலண்டரைத் தொடாத ஓதம்

பட்டாபிராம்,
பிப்ரவரி 3, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் கோபிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் நலம், சாப்பாட்டு அறைச் சுவரும் நலம். நூம்பலில் நீயும் வர்ஷாவும் உங்கள் ஒன்பதாம் மாடியும் நலமாக இருக்க வேண்டும். போனில் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

நம் ஒப்பந்தம் நினைவிருக்கும். சாப்பாட்டு மேசையருகே, உட்கார்ந்தபடியே தேதி கிழிக்க வசதியாக மாட்டியிருந்த காலண்டரை, மழைக்காலம் முடிவதற்குள் சுவரில் ஏறும் ஓதம் தொட்டால், நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு உன் ஃப்ளாட்டுக்கு வந்துவிட வேண்டும். தொடாவிட்டால் நீ அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. மழை முடிந்தது. தொடவில்லை. வாராவாரம் நான் அனுப்பிய போட்டோவில், காலண்டருக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியை நீயே பார்த்தாய்.

அதற்காக நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. முதலில் எதிர்வீட்டு சம்பந்தம் சார் பேச்சைக் கேட்டு ஓதம் தடுக்கும் பெயிண்ட் அடிக்கச் செய்தேன், அது பத்தே நாளில் அப்பளம் போல் உப்பி, விருந்துக்கு வந்த கிருஷ்ணப்பிரியா டீச்சர் "புது டிசைனா?" என்று கேட்டு முடிப்பதற்குள் ஒரு துண்டு அவர் ரசத்தில் விழுந்தது, உடனே ஓதத்துக்குக் காரணம் தெருவை உயர்த்திய சாலைக்காரர்கள்தான் என்று மூன்று பக்கத்துக்கு மனு எழுதினேன், அதைத் தபாலில் சேர்ப்பதற்குள் கொத்தனார் அமல்ராஜ் வந்துவிட்டார். வந்தவர் உள்ளே பார்க்காமல் நேராக அந்தச் சுவரின் பின்பக்கம் போய், நான் பிள்ளை போல் வளர்த்த கல்வாழைப் பாத்தியின் முன் நின்றார்.

"இன்னாம்மா, மண்ண செவுத்து மேல ரெண்டடிக்கு ஏத்தி வச்சிக்கீறீங்க? தெனம் எத்தினி கொடம் ஊத்துவீங்க?"

"காலையில் நாலு, மாலையில் நாலு. ஒரு நாளும் தவறியதில்லை."

"அதான். செடி ஒரு கொடம் குடிக்குது, மீதிய செவுரு குடிக்குது. நீங்க ரோட்டுக்காரன திட்டிக்கினு கீறீங்க."

மனுவைக் கிழித்துப் போட்டேன். பாத்தியை வெட்டி மண்ணை இறக்கி, ஊறிய பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, மூன்று வாரம் மின்விசிறி போட்டு உலரவிட்டு, நீர் புகாத மருந்து கலந்து மறுபடி பூசியிருக்கிறார். கல்வாழை இப்போது தொட்டிகளில், சுவரைவிட்டு ஐந்தடி தள்ளி நிற்கிறது. இன்று வெள்ளைத் துணியால் சுவரைத் துடைத்தேன், துணி வெள்ளையாகவே வந்தது. நானும் கிருஷ்ணப்பிரியாவும் வேலை பார்த்த கான்வென்ட்டின் மதரே வந்தாலும் குறை சொல்ல முடியாது.

ஆகவே ஜெயித்தது நான். வர்ஷாவுக்கு என் ஆசிகள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாருங்கள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே சாப்பிடலாம்.

இப்படிக்கு,
உன் அம்மா,
வ. கலைவாணி

பி.கு.: இதை உறையில் போடும் நேரம், ஏணியை எடுக்க வந்த அமல்ராஜ், இத்தனை நாள் அடக்கி வைத்ததைக் கேட்டுவிட்டார்: "இன்னாம்மா, ஒண்ணயும் புடுங்காம பூசச் சொன்னீங்க, ஆணி ஒண்ணு மேல ஒண்ணா மேலயே போய்க்கினு கீது? கோபி சாரு கேட்டா நான் இன்னா சொல்றது?" பொய் சொல்லிப் பழகாதவள் நான். தீபாவளி வாரத்திலேயே ஓதம் காலண்டரின் பழைய இடத்தை எட்டிவிட்டது. ஆனால் ஓதம் காலண்டரைத் தொடக் கூடாது என்றுதான் ஒப்பந்தம். காலண்டர் நகரக் கூடாது என்று நீ சொல்லவில்லை. நான்காவது ஆணியை ஸ்டூல்மேல் ஏறி அடித்தேன். இறங்கிய முழங்கால் மறுபடி ஏற மறுக்கிறது. அதனால் தேதி கிழிக்கக் கை எட்டாமல், நம் வீட்டில் இன்னும் டிசம்பர் பதினொன்று. புதுக் காலண்டர் மேசைமேல் படுத்திருக்கிறது. வந்ததும் அதை முதல் ஆணியில் மாட்டிக் கொடு. மேலே உள்ள மூன்றையும் பிடுங்காதே. அடுத்த மழைக்கு வேண்டியிருக்கும்.