சுழல்தட்டில் மீன்தலை கொள்ளச் சென்ற றெஜினோல்ட்

வாழி, மன்னார்க் கடல் தந்த மறவனே. மீனின் கன்னச்சதையை முள்ளுக்குத் தெரியாமல் உரித்தெடுக்கும் ஒள்விரலோனே, வாழி. கிழக்கு இலண்டனில் பார்க்கிங் என்னும் ஊரின் மரப்பட்டறையில் பகலெல்லாம் பலகையோடு பொருது, மாலையில் மனோர் பார்க் மாடியறைக்கு மீளும் றெஜினோல்ட் என்னும் பெருந்தகையே, உன் புகழ் பாடுகிறோம். மாசிக் குளிரில் தொண்டை கட்டியிருப்பதால் உரைநடையில் பாடுகிறோம்.

மனைவி பெர்னடெற்றை அடக்கம் செய்த நாள்முதல் இவ்வீரன் எதையும் வேண்டியதில்லை. கொடுத்தால் உண்பான். கொடாவிட்டால் கேளான். "ஒண்டும் வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல் அவன் கோட்டைவாயிலில் காவல் நின்றது. பங்குக் கோயிலின் தமிழ்க்குலம் இடியப்பமும் சொதியும் ஏந்தி அக்கோட்டையை முற்றுகையிட்டு, பலமுறை தோற்றுத் திரும்பியிருந்தது.

நிற்க. எண்பத்தெட்டாம் ஆண்டில் வானத்துக் கோள்கள் ஒரு குறும்பு செய்தன. சீனப் புத்தாண்டும், நெற்றியில் சாம்பல் பூசி நோன்பு தொடங்கும் விபூதிப் புதனும் ஒரே நாளில் வந்து முட்டிக்கொண்டன. ஒரு கையில் வறுத்த வாத்து, மறு கையில் ஒறுத்தல். பங்குத்தந்தை நடுநின்று ஆணை பிறப்பித்தார்: செவ்வாய் மாலையே விருந்து வைப்போம், எல்லாரும் சேர்ந்து உண்போம்; புதனன்று எல்லாரும் சேர்ந்து பட்டினி கிடப்போம்.

அவ்வாறே, சிவப்புக் கடதாசி விளக்குகள் புனித அந்தோனியார் சுருவத்தின் தலைக்குமேல் ஆட, ஆங்கிலேய மூதாட்டியர் பான்கேக்குகளோடும், தமிழர் மட்டன் றோல்ஸோடும், ஹொங்கொங் குடும்பங்கள் ஆவி பறக்கும் இறைச்சிக் கொழுக்கட்டைகளோடும் முத்திசையிலிருந்தும் படைநடத்தி வந்து பங்கு மண்டபத்தை நிறைக்க, வட்டமேசையின் நடுவே, விரல் பட்டால் சுழலும் மரத்தட்டின் மேல், இஞ்சிக் கீற்றும் வெங்காயத்தாளும் போர்த்தி எழுந்தருளியது ஒரு முழுமீன். கொடுவாவுக்குச் சீமையில் பிறந்த தம்பி போன்ற மீன். உடல் விரைவில் தீர்ந்தது. தலை மிஞ்சியது: கொழுத்த கன்னமும் பளிங்குக் கண்ணும் உறிஞ்சத்தக்க எலும்பும் கொண்ட மணிமுடித் தலை.

றெஜினோல்ட் பார்த்தான். அவனுக்கு அது வேண்டும் போலிருந்தது.

எதிரே அமர்ந்திருந்தாள், அம்மீனை அவித்த மிசிஸ் லாம்: ஐந்தடியை எட்டாத உயரமும், ஆயிரம் பேருக்குச் சோறிட்ட தோளும், புன்னகை என்னும் கேடயமும் உடையவள்.

றெஜினோல்டின் கையில் இரட்டை வேலென நிமிர்ந்த, சீனர் உண்ணும் மரக்குச்சிகள் மேசையைக் கடந்து பாய்ந்தன. மிசிஸ் லாம் தட்டின் விளிம்பை ஒரு விரலால் தீண்டினாள். அண்டம் சுழன்றது. தலை கிழக்கே பெயர, அது நின்ற இடத்தில் கீரை வந்து நின்றது. குச்சிகள் கீரையைச் சிறைபிடித்து மீண்டன.

"விடாதை தம்பி," என்று பக்கத்திலிருந்த செபஸ்தியாம்பிள்ளை அண்ணை காதுக்குள் போர்ச்சங்கு ஊதினார். "திரும்பச் சுத்தி வரும்தானே."

வந்தது. பாய்ந்தான். சுழன்றது. அவன் கோப்பையில் கொழுக்கட்டைகள் வந்து விழுந்தன. நீளும் கையைப் பசியென்று எண்ணி அவ்வன்னை அள்ளி வைத்தாள். வைக்கும் கருணையை வஞ்சகமென்று எண்ணி இவன் பல் கடித்தான். வைத்ததை மறுக்கலாகாது என்பதால் கொழுக்கட்டையையும் கடித்தான்.

வாய்திறந்து கேட்டால் ஒரு சொல்லில் முடியும் போர். ஆனால் அயலார் விருந்தில் கேட்டு வாங்குவது எங்கள் சனத்துக்கு ஆகாத காரியம். மூன்று தரம் வேண்டாம் என்று, நாலாம் தர வற்புறுத்தலுக்கு மனமில்லாதவர்போல் இணங்குவதே முறை. மிசிஸ் லாமோ இறாலை வற்புறுத்தினாள், வாத்தை வற்புறுத்தினாள். தலையை ஒருதரமேனும் வற்புறுத்தவில்லை.

கடைசியில் றெஜினோல்ட் இடக்கையால் தட்டைப் பற்றினான். அவள் மறுபுறம் உள்ளங்கையை ஊன்றினாள். மலையும் மலையும் மல்லுக்கு நின்றாற்போல் இருவரும் நிற்க, பிடி நழுவிய தட்டு பெருஞ்சூறாவளியாய்ச் சுழன்றது. சோயாக் கிண்ணம் தேர்க்காலில் சிக்கிய காலாளென எகிறிப் பங்குத்தந்தையின் வெண்கழுத்துப்பட்டியில் கருமுத்திரை பதித்தது. ஒரு பான்கேக் வெண்கொற்றக்குடையாய் விரிந்து செபஸ்தியாம்பிள்ளையின் வழுக்கையில் இறங்கியது.

"நாளைக்குத்தானே நெத்தியிலை பூசுறது," என்றார் அவர் அசையாமல். "இண்டைக்கே துவங்கியாச்சோ."

மண்டபம் சிரித்துக் குலுங்க, அச்சிரிப்பின் நடுவே எழுந்து நின்றான் மாவீரன். கடலும் கரையும் கேட்க முழங்கினான்:

"எனக்கு அந்தத் தலை வேணும்."

மிசிஸ் லாமோடு ஒரே தையற்சாலையில் வேலைசெய்யும் மேரிறோஸ் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். ஒண்டும் வேண்டாம் என்ற றெஜினோல்ட், வேண்டும் என்கிறான். அவள் எழுந்தோடி மிசிஸ் லாமின் காதில் விண்ணப்பம் வைத்து, விடையோடு மீண்டாள்.

"ஐயோ தம்பி, அது இண்டைக்குத் தொடக்கூடாதாம். பழைய வருசத்து மீனை முடிக்காமல் புது வருசத்துக்கு வைக்கவேணுமாம். அப்பத்தான் வீட்டிலை எல்லாம் மிஞ்சுமாம். அதுக்குத்தான் மனுசி இவ்வளவு நேரமும் சுத்தினது. நாளைக்கு வீட்டை வரட்டாம். தலை உனக்குத்தானாம்."

"நாளைக்கு ஒருசந்தியெல்லோ," என்றார் பான்கேக் சூடிய செபஸ்தியாம்பிள்ளை.

கழுத்துப்பட்டியைத் துடைத்தபடி பங்குத்தந்தை தீர்ப்பளித்தார்: நோன்பு நாளிலும் ஒருவேளைச் சாப்பாடு உண்டு, மீனுக்குத் தடையில்லை.

ஆகவே, வெள்ளித்தாள் என்னும் கவசம் பூட்டி மீன்தலை பாசறை புக, தோற்றவளும் வென்றவளுமாகிய மிசிஸ் லாம் அதைத் தன் மார்போடு அணைத்து நிற்க, வென்றவனும் தோற்றவனுமாகிய றெஜினோல்ட் இரு கை கூப்பி விடைபெற, மேரிறோஸ் அக்கா எதற்கென்று சொல்லாமல் மூக்கை உறிஞ்ச, கிழக்கு இலண்டனின் பனிவானம் காணா மலர்களைச் சொரிந்து வாழ்த்தியது.

மறுநாள் பின்னேரம் மிசிஸ் லாம் வீட்டுக்குப் போய்த் தலையைச் சோறோடு சாப்பிட்டான். உப்புக் காணாதென்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான்.