கியூசி அண்ணே கலந்துவிட்ட ஏழாவது தப்பு

பினாங்குத் தீவில் கியூசி அண்ணேயைப் போல எதையுமே நம்பாத மனிதர் இன்னொருவர் கிடையாது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கியூசி என்கிற தரச் சோதனை செய்து ஓய்வு பெற்றவர்; பெயரும் அதிலிருந்து வந்ததுதான். கோப்பிக் கடை நாற்காலியை நாலு தடவை ஆட்டிப் பார்க்காமல் உட்கார மாட்டார். கடல் தாண்டி செபராங் ஜெயாவுக்குப் போவதென்றால், பாலம் நிற்கிறதா என்று அங்கிருப்பவருக்குப் போன் போட்டுக் கேட்பார்.

அவரைக் கணினி நிரல் எழுதும் எங்கள் குழுவுக்குள் இழுத்து வந்த பாவம் என்னுடையது. ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் நோயாளிகளை வேனில் ஏற்றி வர ஓர் அட்டவணை வேண்டும். கையால் எழுதிய அட்டவணையில் ஒருநாள் பாலிக் புலாவில் இருக்கும் என் அக்காவின் பெயர் விட்டுப் போனது. வேன் வராமல், கால் வீங்கிப்போய் வாசலிலேயே நின்றிருந்தாள். அதற்காகத்தான் குழுவிலிருந்த மலரும் குமாரும் ஜாவா என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதினார்கள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். தமிழில் வழிகாட்டி எழுதுவது என் வேலை. ஜாவாவில் எனக்கு அ, ஆ கூடத் தெரியாது.

நிரலைப் பகுதி பகுதியாகச் சோதிக்க ஒரு கருவி தேவை என்றார்கள். பிடித்தது சனி. மூன்று வாரம் கெலுகோர் கோப்பிக் கடையில் எந்தக் கருவி என்பதே பேச்சு.

"ஜேயூனிட் போதும்லா. எல்லாருக்கும் தெரியும்" என்பாள் மலர்.

"டெஸ்ட்என்ஜில குரூப் குரூப்பா பிரிச்சு ஓட்டலாம்" என்பான் குமார்.

இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். வித்தியாசம் என்ன என்று கேட்டேன். விளக்கினார்கள். கேட்டதற்குக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

தீர்ப்புச் சொல்லத்தான் கியூசி அண்ணேயைக் கூப்பிட்டேன். ஓய்வுக்குப் பிறகு வகுப்புக்குப் போய் ஜாவா படித்தவர் அவர்.

"ஃபேக்டரில புது செக்கர் வந்தா, நல்ல சாமானோட கெட்ட சாமான கலந்து விடுவோம். கண்டுபிடிச்சாதான் வேல. இதுக்கும் அதேதான்" என்றார். நிரலை வீட்டுக்குக் கொண்டுபோய் வேண்டுமென்றே தப்புகளைக் கலந்துவிட்டு வந்தார்.

இரண்டு கருவிகளையும் ஓட்டினார்கள். இரண்டும் அதே ஆறு தப்பைப் பிடித்தன.

"எத்தனண்ணே போட்டீங்க?" என்றாள் மலர்.

"ஏழு."

"அந்த ஏழாவது எங்க?"

"மறந்துபோச்சே" என்று அண்ணே கூரையைப் பார்த்தார்.

"எழுதி வைக்கலயா?"

"எழுதி வச்சா அது சோதனையா?"

எந்த வரியை மாற்றினார் என்று கணினியிடம் கேட்டால் எல்லா வரியையும் காட்டியது. அழகாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு வரியையும் தள்ளித் தள்ளி வரிசைப்படுத்தியிருக்கிறார் மனுஷன். அவர் கொடுத்த அந்த நிரலின்மேலேயே இவர்கள் ஒரு வாரம் வேலையும் பார்த்துவிட்டார்கள், பழையதற்குத் திரும்ப முடியாது. வரும் திங்கட்கிழமை முதல் நிலையத்தில் இந்த அட்டவணைதான்.

"ஒருவேள ஆறுதான் போட்டீங்களோ?" என்றான் குமார். அன்றுமுதல் அண்ணே தன்னையும் நம்பவில்லை.

ஞாயிறு காலை நிரல் போட்டுத் தந்த பட்டியலை அச்செடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டார். வீடு வீடாகப் போய், "ஒங்களுக்கு எந்தெந்த நாளு?" என்று கேட்டு ஒப்பிட்டிருக்கிறார். மத்தியானம் எனக்குப் போன் வந்தது.

"கெடச்சிருச்சு தம்பி. பாலிக் புலாவ் பக்கம் யாருக்குமே வியாழக்கெழம வேன் இல்ல. ஒங்க அக்காவுக்கும்தான். அந்த வரிய நாந்தான்பா அழிச்சிருக்கேன்."

பின்னால் அக்கா சொல்வது கேட்டது. "அவர ஒண்ணும் சொல்லாத தம்பி. வெயில்ல வந்திருக்காரு, சாப்பிடவும் மாட்டேங்கிறாரு."

கருவிகள் ஏன் பிடிக்கவில்லை என்று மலரிடம் கேட்டேன். "நாம எழுதுன டெஸ்ட்டதான் அது ஓட்டும்ணே. அந்த ஏரியாவுக்கு யாருமே டெஸ்ட் எழுதல" என்றாள் மெதுவாக.

அன்று மாலையே ஜேயூனிட் என்று முடிவானது. ஏன் அது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. குமாருக்கும் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதில் அண்ணே ஒற்றை விரலால் தட்டி எழுதிய ஒரு சோதனை இருக்கிறது. அதை மலர் காட்டிய நாளிலிருந்து அந்த மனுஷன்மேல் எனக்குத் தனிப் பாசம். நிரலில் யார் எதை மாற்றினாலும், பாலிக் புலாவ் அக்காவுக்கு வியாழக்கிழமை வேன் வருகிறதா என்று அது கேட்கும். கூடப் பிறந்த எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.