விளிம்பு சாரின் பள்ளச் சிங்கம்

சித்தூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் கத்தியைக் கண்டு பயந்த நோயாளி ஒருவர்கூட இல்லை. கத்திக்கு முன்னால் சீட்டு வாங்கும் ஜன்னலைத் தாண்ட வேண்டியிருந்தது. கொண்டுவந்த பயமெல்லாம் அங்கேயே செலவாகிவிடும். அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் விளிம்பு சார் உட்கார்ந்திருந்தார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. காசை யார் எப்படி நீட்டினாலும் வாங்காமல், "விளிம்பைப் பிடிச்சுக் குடுங்க" என்று சொல்லிச் சொல்லியே அவர் விளிம்பு சார் ஆகிவிட்டார். காசின் முகத்தில் கட்டைவிரல் பட்டால் அவருக்குத் தன் முகத்திலேயே பட்ட மாதிரி. பிறகு பூதக்கண்ணாடி வெளியே வரும். ஜன்னலுக்கு வெளியே வரிசை முனகும், இருமும், சில சமயம் வாந்தியும் எடுக்கும். அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். பாலசமுத்திரத்திலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த குடியானவர் ஒருவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"வலி எனக்கா, காசுக்கா? அதுக்கு வைத்தியம் பாத்துக்கினு கீறீங்களே."

"உங்களுக்கு டாக்டர் கீறாரு. இதுக்கு யாரு கீறா?" என்றார் சார்.

காசு பிடித்திருந்தால் அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தன் சொந்தக் காசை ஆஸ்பத்திரிப் பெட்டியில் போடுவார். கொடுத்தவரிடம் "இத்த நான் எடுத்துக்கினு என்னுத போடறேன், சம்மதமா?" என்று கேட்காமல் மாற்றியதில்லை. வலி தாங்காதவர்கள் எதற்கும் சம்மதிப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றியதேயில்லை.

நான் லேபரட்டரிப் படிப்பை முடித்துவிட்டு ரத்தமும் சளியும் பரிசோதிக்க அங்கே சேர்ந்திருந்தேன். முதல் சம்பளத்தன்று சாரிடம் காசுப் பாடம் நடந்தது. எதையும் வரிசைப்படுத்தி மனதில் வைத்துக்கொள்வது என் பழக்கம், அதனால் மறக்கவில்லை. அரசர் தலையோ சின்னமோ இருக்கும் பக்கம் முகப்பு. மதிப்பைச் சொல்லும் மறுபக்கம் பின்பக்கம். முகத்தைச் சுற்றி உயர்ந்து நிற்பது வரம்பு. காசை உருட்டினால் தரையைத் தொடுவது விளிம்பு. இந்த இரண்டையும் ஒன்று என்று சொன்ன நர்ஸுக்கு அன்று சம்பளம் கடைசியில்தான் கிடைத்தது. படமும் எழுத்தும் இல்லாத வெறும் இடம் களம். தேய்மானம் தெரிய மேட்டைப் பார்க்க வேண்டும், கீறல் தெரியக் களத்தைப் பார்க்க வேண்டும். செம்புக் காசின் மேல் வருஷக்கணக்கில் ஏறியிருக்கும் பழுப்பு அழுக்கு அல்ல, அது காசின் தோல்.

அந்தக் கடைசிப் பாடம் வார்டு பெருக்கும் தாயம்மாவுக்குத் தெரியாது. சாருக்கு உதவி செய்வதாக நினைத்து, மேஜையில் கிடந்த செம்புக் காசு ஒன்றைப் புளி போட்டு, சாம்பல் போட்டு, செம்புக் குடம் மாதிரி பளபளவென்று துலக்கி வைத்துவிட்டாள். சார் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சரிந்தார். "தோலை உரிச்சுட்டாம்மா" என்று மட்டும் என்னிடம் சொன்னார். அன்று முழுக்க அவர் சோறு துன்னவில்லை என்று தாயம்மாவே வந்து அழுதாள். அதற்குப் பிறகு அவர் மேஜைப் பக்கம் துடைப்பம் போகவில்லை. பழுப்பு ஏறி ஏறி மேஜையும் ஒரு பழைய காசாகவே ஆகிவிட்டது.

எங்களையும் அவர் இந்தக் கண்ணால்தான் பார்த்தார். பெரிய டாக்டரம்மாவுக்கு முகப்பு நன்றாக இருக்கிறதாம், எழுத்துத்தான் படிக்க முடியவில்லையாம். எனக்குக் களம் சுத்தம், ஆனால் இன்னும் புழக்கத்துக்கே வரவில்லையாம். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஒருநாள் ஜன்னலை மூடிவிட்டு என் லேபுக்கு ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று நான் அடுப்பைத்தான் முதலில் பார்த்தேன். விஜயபுரத்து வேர்க்கடலை வியாபாரி ஒருவர், வேறு எங்கும் செல்லாத ஒரு கும்பெனிக் காலணாவை இங்கேயாவது தள்ளிப் பார்க்கலாம் என்று நீட்டியிருக்கிறார். முகப்பில் சிங்கச் சின்னம் மேடாக இருந்தது. பின்பக்கத்தில் காலணா என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அதே சிங்கம் பள்ளமாக, வலது இடதாக மாறி இருந்தது. முன்னால் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டுவிட, அடுத்த தகடு அதன் மேல் அடிபட்டால் இப்படி வருமாம். என் தராசில் நிறுத்தோம். எடை சரியாக இருந்தது. "ஆயுசுக்கும் ஒண்ணு பாப்பமான்னு இருந்தேம்மா" என்றார். வீட்டில் அவருடைய காசுப் பெட்டியில் தனியாக ஒரு வெல்வெட் குழி தைத்து அதற்குள் பள்ளச் சிங்கம் குடியேறியது.

கொஞ்ச நாளில் அவர் மனைவியின் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. ஆபரேஷன் என்றார்கள். அந்தக் காலத்தில் அப்படிப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை. சார் ஜன்னலில் பூதக்கண்ணாடியை எடுப்பதை நிறுத்தினார். வரிசை சரசரவென்று நகர்ந்தது. அது எங்களுக்கு முன்னிருந்ததைவிட அதிக பயமாக இருந்தது.

ஆபரேஷனன்று காலை அவர் லேப் வாசலில் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. அம்மாவுக்கு ரத்தம் போதுமான அளவு இருக்கிறது, நானே பார்த்தேன் என்று சொன்னேன்.

"ரத்தம் இல்லம்மா, சிங்கம். ஏழுமலையானுக்குன்னு மஞ்சத்துணில முடிஞ்சு வச்சிக்கினு கீறா."

பிழைத்து எழுந்தால் திருப்பதிக்கு வந்து உண்டியில் போடுவதாக வேண்டுதல். முடிந்த காசு அந்த நிமிஷத்திலிருந்து சாமி காசு. சார் பையிலிருந்து இன்னொரு கும்பெனிக் காலணாவை எடுத்தார், விளிம்பைப் பிடித்துத்தான்.

"எடை ஒண்ணு, செம்பு ஒண்ணு, மதிப்பு ஒண்ணு. நான் மாத்தினா தெய்வக் குத்தம். நீங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, நீங்க மாத்தலாம். உங்க பேரே அவரு கணக்குல கிடையாது."

"எங்க கணக்குலயும் திருட்டு திருட்டுதான் சார்."

"திருட்டு இல்லம்மா. ஜன்னல்ல தினம் செய்யறதுதானே?" என்றவர் நிறுத்திக்கொண்டார். "ஜன்னல்ல கேட்டுக்கினு மாத்தறேன்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். "இப்ப யாரைக் கேக்கறது?"

அம்மாவையே கேட்கலாமே என்றேன்.

"கேட்டா உடனே குடுத்துடுவா. குடுத்துட்டு, பயந்துக்கினே மேஜை மேல ஏறுவா."

நான் வார்டுக்குப் போனேன். ஆபரேஷன் அறைக்குள் நூல்கூடக் கூடாது என்று தாலிச் சரட்டையும் வளையல்களையும் கழற்றச் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மா மஞ்சள் முடிச்சை என் கையில் வைத்து மூடினார்கள். அவர்கள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"அவரு ஆசையா வச்சிருக்கறதத் தொட மனசு வரல பாப்பா. இது மட்டும் மத்ததோட சேராம தனிக் குழில ஒதுக்கிக் கெடந்துச்சு, காலணான்னு எழுத்துகூட இல்ல, எங்கியும் செல்லாது. தேட மாட்டாரு. ரெண்டு பக்கமும் சிங்கம் கீதா, நரசிம்மரு மாதிரின்னு சாமியும் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு."

கணவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்த அந்த அம்மா முகப்பு, பின்பக்கம் என்று ஒரே ஒரு பாடம் கேட்டிருந்தால் வேறு எந்தக் காசையாவது எடுத்திருப்பார்கள். அவருக்கு வலிக்கக் கூடாது என்று தேடித் தேடி எடுத்தது இதை. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

வராந்தாவில் சார் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் மாற்றுக் காசு, இன்னொரு கை என் பக்கம் நீண்டிருந்தது. முடிச்சை அவிழ்க்க ஒரு நொடி போதும். தள்ளிக்கொண்டு போகும் சக்கரச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. முடிச்சை அப்படியே கொடுத்தேன்.

அவர் துணியின் மேலேயே கட்டைவிரலால் தடவினார். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். விரல் நின்றது. மாற்றுக் காசு அவர் சட்டைப் பைக்குள் போயிற்று.

"முடிச்சு கெட்டியா கீதா பாருங்கம்மா" என்றார். "அவுந்துடப் போவுது."

இறுக்கிக் கொடுத்தேன். ஆபரேஷன் அறைக் கதவு திறக்கும்வரை அதைத் துணி ஓரத்தில் பிடித்தபடி, மூச்சுக் காற்றுப் பட்டாலும் ஏதாவது ஆகிவிடும் என்பது போல, தள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு ஒவ்வொரு முறை கிறீச்சிட்டபோதும் எழுந்தார். ஒருமுறை வந்தது பக்கெட். ஒருமுறை வந்தது தாயம்மா. கடைசியில் பெரிய டாக்டரம்மா வந்து, கட்டி முழுசாக வந்துவிட்டது, அம்மா பிழைத்துக்கொண்டார்கள் என்று சொன்னார்கள். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தையல் ஆறிய பிறகு திருப்பதி போனோம். தெம்பு போதாத அம்மாவுக்குத் துணையாக நானும் ரயில் ஏறினேன். மலைக்கு அம்மா டோலியில், சார் பக்கத்தில் நடந்து. நான் அடிவாரத்தில் எங்கள் சபைக் குடும்பம் ஒன்றில் தங்கிக்கொண்டேன். மறுநாள் இருவரும் மொட்டைத் தலையோடு இறங்கி வந்தார்கள். அம்மாவின் முகம் பூரித்திருந்தது.

"இவருக்கு பக்தியே கிடையாதுன்னு நெனச்சுக்கினு இருந்தேன் பாப்பா. உண்டியில நான் காசு போடறப்போ கண்ணுல தண்ணி தாரை தாரையா. ஜனங்கல்லாம் திரும்பிப் பாக்கறாங்க."

சார் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்த பயத்தை நான் ஆபரேஷனன்றுகூடப் பார்க்கவில்லை. சாமி மேல அவ்வளவு பக்தி போல இருக்கு அம்மா என்றேன். அவர் மூச்சு விட்டார்.

பாகாலா தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தபோது அம்மா அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார்கள். நான் முறுக்கு வாங்கினேன். திரும்பிவந்த சில்லறையில் பழுப்பேறிய செம்புக் காசு ஒன்று. இந்தப் பக்கத்தில் நான் பார்த்தேயிராத எழுத்து. அவருக்கு நீட்டினேன், பார்க்கட்டும் என்று. அவர் கை மடியிலிருந்து அரை அங்குலம் எழுந்தது. தோளில் இருந்த மொட்டைத் தலை லேசாக அசைந்தது. கை அப்படியே நின்று, மெல்ல மடிக்கே திரும்பியது. வேண்டாம் என்று கண்ணால் சொன்னார், அந்தக் காசைப் பார்க்காமலே. சித்தூர்வரை அவர் அசையவில்லை. மனைவி எழுந்துவிடுவாளோ என்ற அந்தப் பயத்தோடு உட்கார்ந்திருந்த மனிதரைத்தான் எனக்கு இன்றும் ரொம்பப் பிடிக்கும்.