இரும்புக் கை எடுத்த ஆரத்தி

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். என் விஷயத்தில் தலைகீழ். அவசரத்தில் நான் தப்பித்துவிடுவேன். நிதானமாகச் செய்தபோதுதான் மானம் போயிற்று.

எண்பதுகளில், ஒரகடம் பக்கம் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் ப்ரொபேஷனில் இருந்தேன். அங்கே ஓர் இரும்புக் கை செய்துகொண்டிருந்தோம். இங்கே பிடியை அசைத்தால் பத்தடி தள்ளி அது அப்படியே அசையும். எவ்வளவு வேகமாக அசைக்கிறோமோ அவ்வளவு கெட்டியாகப் பிடி நம் கையை எதிர்க்கும். அந்த வேகத்தைக் கணக்கிடுவது என் வேலை. பிடியோடு சுழலும் தட்டில் பொடிக் கோடுகள் உண்டு. கண் சிமிட்டும் நேரத்தில் எத்தனை கோடு கடந்தது என்று கம்ப்யூட்டர் எண்ணும். அதுதான் வேகம். (இதற்கு ஆறு மாதமா என்று கேட்காதீர்கள், மேலாளர் கேட்டுவிட்டார்.)

"ஆயுத பூஜை அன்னிக்கு ஓட்டிக் காட்டு. இல்லேன்னா மூட்டையக் கட்டு" என்றார்.

ஊரிலோ அப்பா, தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என் வேலை நிரந்தரம் என்று சொல்லி வைத்திருந்தார். பூஜைக்கு முந்தின நாள் பிடியை வீசி வீசிப் பார்த்ததில் எல்லாம் ஜோராக ஓடியது. சும்மா இருந்திருக்கலாம். மேலாளருக்கு இரும்புக் கையே ஆரத்தி எடுக்கட்டும் என்று அறிவித்தேன்.

வயரிங் பிரிவில் வசந்தா என்று ஒரு பெண், பென்னலூர்க்காரி. "சார், ஒருதபா மெதுவா சுத்திப் பாருங்க சார்" என்றாள்.

"எல்லாம் பாத்தாச்சு!" என்றேன். (ஆரத்தித் தட்டில் வைத்த கற்பூரத்தை மட்டும் அவள் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்குக் கோயிலே கட்டலாம்.)

மேலாளர் புதுச் சட்டையில் வந்து நின்றார். ஆரத்தியை யாராவது விசிறி மாதிரி வீசுவார்களா? பயபக்தியோடு மெள்ளச் சுற்றினேன். பிடி கிடுகிடுவென்று உதறியது. இறுக்கிப் பிடித்தேன், இன்னும் உதறியது. அந்தப் பக்கம் இரும்புக் கையிலிருந்த ஆரத்தித் தட்டு ஆடி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர் முழுக்க மேலாளர் மேல்.

"சட்டை போச்சேடா பாவி!"

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வசந்தாதான் துண்டை எடுத்து அவரிடம் நீட்டியபடியே பேசினாள்.

"சார், பஸ் வேகமா போனா நிமிஷத்துக்கு ரோட்டோரம் எத்தினி பர்லாங்கு கல்லு தாண்டுதுன்னு எண்ணலாம். படப்பைல மாடுங்க நடுவுல ஊந்துகினு போறப்ப எண்ணினா? ஒரு நிமிஷம் ஒண்ணு, அடுத்த நிமிஷம் ஒண்ணுமே இல்ல. பஸ் நிக்குது ஓடுது, நிக்குது ஓடுதுன்னு இந்த மிசினு நெனச்சிகினு கீது. அதான் புடிச்சி புடிச்சி வுட்டு உதறுது. அப்போ ஒரு கல்லுலேந்து அடுத்த கல்லுக்கு எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பாக்கணும் சார்."

ஆறு மாதம் என் மண்டையில் ஏறாதது இதுதான். மேலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உன்ன அனுப்பிடலாம்னுதான் நெனச்சேன். ஆனா மிஷினவிட உன் கை அதிகமா நடுங்குதேப்பா. இன்னும் மூணு மாசம் இரு. அந்தப் பொண்ணு சொன்னபடி செய்."

செய்தேன். நடுக்கம் நின்றது, வேலை நிரந்தரமானது, தங்கை கல்யாணமும் நடந்தது. அந்தப் பொண்ணு சொன்னபடிதான் இன்றுவரை செய்துகொண்டிருக்கிறேன், அவள் கழுத்தில் தாலி கட்டிய பிறகும்.

போன மாதம் மகள் தன் கைக்குழந்தையோடு முதன்முதலாக வீட்டுக்கு வந்தாள். ஆசை தாங்காமல் வசந்தாவிடமிருந்து ஆரத்தித் தட்டை வாங்கிவிட்டேன். மகள் குழந்தையை அணைத்துக்கொண்டு தெருவரை பின்வாங்கினாள்.

"அம்மா! அப்பா கைல தட்டு!"