ஜன்னலோரம்

காலை ரயிலில் கணக்கரின் ஜன்னலோர இருக்கையில் காசாளர் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, வாங்க. நானும் உங்க ஊருக்கே குடிவந்துட்டேன். காத்து பிரமாதம், தண்ணி பிரமாதம்னு ஆபீஸ் பூரா நீங்கதானே சொன்னீங்க?"

கணக்கர் சிரித்துவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தார்.

நகரத்தில் இருந்தவரை, யாருடைய முழங்கையோ விலாவில் குத்த, பஸ்ஸில் நின்றே வேலைக்குப் போனவர் அவர். ரயில் புறப்படும் இந்தப் புறநகருக்கு வந்ததே உட்கார்ந்து, அதுவும் ஜன்னலோரம் உட்கார்ந்து போகத்தான். சொன்னால் சிரிப்பார்கள். அதனால் மனைவியிடம்கூடக் காற்றையும் தண்ணீரையும்தான் காரணம் காட்டியிருந்தார்.

இனி ஒருத்தரும் வரக் கூடாது. தட்டச்சரம்மாவிடம் அவராகவே போய்ச் சொன்னார்.

"கொசு தாங்கலைம்மா. சாயங்காலம் ஆனா கதவைத் திறக்க முடியாது."

"கொசுதானே சார்? வலை கட்டிக்கலாம். வேற குறை ஒண்ணும் இல்லைல்ல?"

அடுத்த மாதம் அந்தம்மா வந்தார், தங்கை குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு. கணக்கருக்குப் பெஞ்சின் நுனிதான் கிடைத்தது.

மேலாளரிடம் இன்னும் பலமாகப் போட்டார். "அத்துவானக் காடு சார். சொந்தக்காரங்க யாரும் எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க."

மேலாளர் பேனாவை மூடினார். "என் மச்சான்கூடவா?"

"அவருக்கு வழி தெரியணுமே சார்."

"வாடகைக்கு வீடு ஏதாவது இருக்கா?"

மேலாளரும் வந்தார். ஜன்னலோரம் இப்போது அவருக்கு. ரயில் புறப்படும் இடத்திலேயே கணக்கர் கம்பியைப் பிடித்து நின்றார். இன்னொரு கையில் மேலாளரின் சாப்பாட்டுக் கூடை.

முகத்தில் காற்றுப் பட்டதும் மேலாளருக்கு ஒரு யோசனை உதித்தது.

"பாதி ஆபீஸ் இங்கதான் இருக்கு. எதுக்கு தினம் அங்க போகணும்? ஆபீஸையே இங்க கொண்டுவந்துட்டா?"

எல்லாரும் கைதட்டினார்கள். கணக்கருக்குக் கை ஒழியவில்லை.

புது ஆபீஸுக்கு இடம் முடிவான அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது, மனைவி பரணிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ் நம்ம பின்தெருவுக்கே வருதும்மா," என்றார் சுரத்தில்லாமல். "இனிமே நடந்தே போயிடலாம்."

"தெரியும், காசாளர் வீட்டம்மா போன்ல சொன்னாங்க. நகரத்து ஸ்டேஷன் பக்கத்துல ஒரு வீடு பேசி முடிச்சுட்டேன். காலையில அங்கேருந்து இங்க வர்ற ரயில்ல ஈ காக்கா இருக்காது, எல்லா ஜன்னலும் உங்களுக்குத்தான். யாராவது கேட்டா, தயவுசெஞ்சு காத்து நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க."